ஜீப்பில் பரவிய காக்கி உறை

எழுபதுகளின் கடைசியில் என் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த தையல் கடையை மறுபடி திறந்தேன். கடை போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வருத்தம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. எனக்குள்ளே எதுவும் ஓடவில்லை. மச்சினன் நோட்டீஸ் அடித்துக் கடைவீதியெல்லாம் கொடுத்தான். யாரும் வரவில்லை. அதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

ஆனி மாதத்து மழையில் ஒரு பெண் வந்தாள். தினமும் ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவள். கணுக்கால் முழுக்க அட்டை கடித்த புண்.

"அண்ணே, முட்டி வரைக்கும் மூடுற மாதிரி ஒரு உறை தைச்சுத் தர்றீகளா?"

பழைய காக்கி பேண்ட்டை வெட்டி, நெருக்கமாகத் தைத்து, மேலே நாடா கோத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தாள்.

"நாடா நழுவுதுண்ணே. அட்டை உள்ள பூந்துருச்சு."

நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். எல்லோருக்கும் அதே உறை வேண்டுமாம். கூட்டத்தில் அவளும் இருந்தாள்.

"என்னத்தம்மா சொன்ன இவுககிட்ட?" என்று கேட்டேன்.

"நான் எங்க சொன்னேன்? சாயங்காலம் ஜீப்புல எல்லாரும் அட்டையப் பிடுங்கிக்கிட்டு வந்தாக. நான் சும்மா உக்காந்திருந்தேன். ஒனக்கு மட்டும் எப்பிடிடீன்னு அவுகளே கேட்டாக. மொதல்ல நழுவுனதையும் சொன்னேன், நீங்க மாத்திக் குடுத்ததையும் சொன்னேன்."

குறையையும் சேர்த்துச் சொன்னதால்தான் மற்றதை நம்பினார்கள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அன்றைக்கு அளவெடுத்தேன், அவ்வளவுதான். அந்த மழைக்காலம் முழுக்க ராசிங்காபுரத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். கை தைத்தது. யாரோ தைப்பதைப் போல நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம், அதுவரை நான் பார்த்திராத ஒரு அம்மா வந்தார். அளவு கொடுத்துவிட்டுத் தூக்குச்சட்டியை மேஜைமேல் வைத்தார்.

"வீட்டுல அவுக தவறிட்டாகளாம்ல. நீங்க சரியாச் சாப்பிடுறதில்லன்னு ஜீப்புல பேசிக்கிட்டாக. வெரசாச் சாப்பிடுங்கப்பு, சட்டியக் கொண்டு போகணும்."

நான் யாரிடமும் சொன்னதில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். குழம்பில் உப்பு கூடுதல். பல மாதம் கழித்து நாக்கில் அது தெரிந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மா தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மிச்சத்தையும் சாப்பிட்டேன்.