சின்னவளுக்கும் எனக்கும் ஒரே படிப்பு

என் மாமியாருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மருமகளுக்கு எதை எடுத்தாலும் இன்னொருத்திக்கும் அதையே எடுப்பார். தீபாவளிக்கு ஒரே ரகத்தில் இரண்டு சேலை. பழனிக்குப் போய் வந்தால் ஒரே மாதிரி இரண்டு கூடை. "அப்பத்தான் ஊட்ல சண்டை வராது" என்பார். எனக்கென்னவோ சண்டை உள்ளுக்குள் நடந்துகொண்டேதான் இருந்தது. ஒரே தறியில் ஓடிய சேலையாக இருந்தாலும் என் கொழுந்தனார் மனைவிக்கு வந்ததுதான் கூடுதலாக மினுங்குவது போலத் தெரியும்.

அவளை வீட்டில் சின்னவள் என்போம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், பத்தாம் வகுப்புத் தேறியவள். நான் ஐந்தாவதோடு நின்றவள். இரண்டு பேரும் முதலிபாளையம் பக்கம் ஒரே பனியன் கம்பெனிக்குத்தான் போனோம். அவள் ஓவர்லாக் மிஷினில் தைப்பாள். நான் செக்கிங் மேசையில் நின்று, தைத்து வந்ததில் ஓட்டையும் கறையும் பார்த்து ஒதுக்குவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் முறை போட்டுப் பார்த்துக்கொண்டோம். அங்கே தெற்கத்தி ஊரிலிருந்து வந்த நர்ஸம்மா ஒருவர் இருந்தார். படுத்தே கிடப்பவரை எப்படிப் புரட்ட வேண்டும், முதுகில் புண் வராமல் எப்படித் துடைக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். அவர் வார்டுக்குள் வந்தால் முனகிக்கொண்டிருப்பவர்கள்கூட முனகலை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இந்த வேலைக்கு வந்துவிட வேண்டும் என்று அங்கேயே நினைத்தேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியில் சம்பளம் குறைந்தால்கூட சூப்பர்வைசரிடம் கேட்க வாய் வராத ஆள் நான்.

மாமியார் வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நாளில், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவள் சொன்னாள்.

"அத்தெ, இந்தப் பஞ்சுத் தூசிக்கு இருமல் நிக்க மாட்டேங்குது. நான் கம்பெனிய உட்டுட்டு நர்ஸ் படிக்கலாம்னு இருக்கறனுங்க."

என் கை ரசக் கரண்டியோடு அப்படியே நின்றது. நான் அத்தனை நாள் பொத்தி வைத்திருந்ததை அவள் ஒரு வாய்ச் சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சொல்லி முடித்துவிட்டாள். கொழுந்தனாரும் சரி என்றுவிட்டார். மாமியாருக்கு மட்டும் அவருடைய கணக்கு இடித்தது.

"அப்பப் பெரியவளுக்கு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார். "பெரியவளுக்கு ஒரு கிரைண்டர் எடுத்துப் போட்டரலாம்."

எல்லாருக்கும் மனசு ஆறிவிட்டது. கொழுந்தனார் அக்கறையாகக் கேட்டார்: "எத்தனை லிட்டருங்க அண்ணி?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கிரைண்டர் வேண்டாமுங்க" என்றேன்.

"பின்னெ என்ன வேணும் கண்ணு?"

"சின்னவளுக்கு என்னவோ, அதேதானுங்க."

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பில் புரையேறியது. "அஞ்சாப்புப் படிச்சவளுக்கு ஊசி போடற படிப்பா? இவ தையல் ஊசில நூல் கோக்கறதுக்கே பக்கத்து ஊட்டுப் புள்ளையக் கூப்புடறவ!"

மாமியார் சிரிக்கவில்லை. "என்ற ஊட்ல ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு ஒண்ணுன்னு என்னைக்கும் நடந்ததில்ல. ரெண்டு பேரும் போய் விசாரிச்சுட்டு வாங்க" என்று முடித்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடைக்கு மேல்மாடியில் ஒரு நர்சிங் பயிற்சி நிலையம் இருந்தது. ஒரு வருடப் படிப்பு. சுவர் முழுக்க வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்களின் போட்டோ. டை கட்டிய பையன் எங்களை மேடம் என்றான். நான் தலை குனிந்தபடி அஞ்சாவது என்றதும், "அதனாலென்னங்க மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரே சர்டிபிகேட்தான்" என்றான்.

ஒரே சர்டிபிகேட். அந்தப் படியில் நான் இறங்கி வந்த மாதிரி என் கல்யாணத்தன்றுகூட நடந்திருக்க மாட்டேன். பத்தாவது படித்தவளும் நானும் ஒரே பெஞ்சு, ஒரே கோட்டு. சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாலுமே நல்லதுங்க்கா. நான் தனியாப் போகப் பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். இவளுக்குப் பயம்கூட இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பணம் கட்டுவதற்கு முன்னால், மாமியாருக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் அந்த நர்ஸம்மாவைப் பார்த்தேன். சந்தோசத்தில் கூச்சம் விட்டுப்போய் நானாகவே சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது.

"எக்கா, அந்த மாடிக்கா போறீங்க? அந்தச் சர்டிபிகேட்டுக்கு அரசாங்கப் பதிவு கிடையாதுல்லா. அத வச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் எடுபிடியாத்தான் இருக்கணும். ஒங்க கொழுந்தன் பொண்டாட்டி பத்தாவது பாஸாக்கும். வயசும் இருக்கு. பதிவு உள்ள படிப்பு, ஆஸ்டல்ல தங்கிப் படிக்கணும், அதுக்கு எழுதிப் போடச் சொல்லுங்க. நாளைக்கு கவர்மெண்டு வேலைக்கே போவாங்க."

"எனக்குங்க?"

"ஒங்களுக்கு அந்தப் படிப்புல எடம் கிடையாது. எட்டாவது பரீட்சை, பத்தாவது பரீட்சைன்னு எழுதி முடிக்கதுக்குள்ள வயசு தாண்டிரும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா இங்க வார்டுக்கு ஆள் வேணும். வாங்க, நான் கூட வச்சுச் சொல்லித் தாரேன். அதுக்குச் சம்பளமும் உண்டு. அவனுக்கு ஏன் துட்டக் கொண்டுபோய்க் குடுக்கீங்க?"

மாத்திரைப் பொட்டலத்தோடு பஸ்ஸுக்கு நின்றேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். நான் சொல்லாவிட்டால் நாங்கள் இருவரும் மாடிப்படி ஏறுவோம், சமமாக இருப்போம். சொன்னால் அவள் ஆஸ்டலுக்குப் போவாள், நான் பெட்பேன் கழுவப் போவேன். வாழ்க்கையில் முதல்முதலாக வாய் திறந்து கேட்டது கையில் வந்து விழுந்திருக்கிறது. அதை நானே தட்டிவிட வேண்டும்.

நல்ல மனசில் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். உண்மை அப்படி இல்லை. என்றைக்காவது அந்த நர்ஸம்மாவும் சின்னவளும் பேசிக்கொண்டால், எனக்கு எல்லாம் தெரிந்தும் மறைத்தேன் என்பது வெளியே வந்துவிடும். பொறாமைக்காரி என்று பேர் வந்துவிடும். இருக்கிற பொறாமையோடு வாழ்ந்துவிடலாம், அந்தப் பேரோடு வாழ முடியாது என்று தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். ஏதோ அவள் தப்புச் செய்ததைப் போலச் சத்தமாகச் சொன்னேன்.

"அந்த மாடிப் படிப்பு உனக்கு ஆகாது. உனக்குப் பெரிய படிப்பே கெடைக்குமாமா. ஆஸ்டல்ல எடம் கேட்டு எழுதிப் போடு."

"உங்களுக்குங்க்கா?"

"எனக்கு ஆஸ்பத்திரிலயே சொல்லித் தர்றாங்களாமா."

மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் ஒண்ணில்லியே சாமி" என்றார்.

"ஒண்ணில்லீங்க" என்றேன்.

எழுதிப் போட்டாள். இடம் கிடைத்தது. கோயமுத்தூர் பஸ்ஸில் நான்தான் அவளை ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் மடியில் இருந்த புதுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் போனதும் நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்து, அன்றைக்கே வேலையில் சேர்ந்துகொண்டேன்.

நர்ஸம்மா சொன்னபடியே சொல்லிக்கொடுத்தார். காய்ச்சல் பார்க்க, கட்டுப் பிரிக்க, பிறந்த குழந்தையைத் துணியில் சுற்ற, செத்தவரின் தாடையைக் கட்ட. எனக்கு அந்த வேலை மேல் ஒரு குறையும் இல்லை. அதிலேயே வயதாகி வெளியே வந்தேன். ஆனால் கடைசி நாள் வரைக்கும் என்னை ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள்.

சின்னவள் இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும், "அக்கா அன்னைக்குச் சொல்லலீனா நான் இன்னைக்கும் யாருக்காச்சும் எடுபிடியாத்தான் இருந்திருப்பேன்" என்று என்னைக் காட்டிச் சொல்வாள். வந்தவர்கள் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்ப்பார்கள். நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். அவர்கள் முன்னால் நின்றால் மனசு எரிகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும், அந்த மாடியில் ஒரே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வருடத்தை நினைத்துப் பார்க்கிறேன். உதவாத சர்டிபிகேட்தான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி உதவாமல் இருந்திருக்கும்.