குடைக்கம்பி மயில்

பெங்களூர் அடுகோடியில் பழைய இரும்பு வாங்கும் குஜிரிக் கடையைக் கடக்கும்போது, யாரோ உடைந்த குடைகளைச் சிமெண்டுத் தரையில் கொட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டேன்.

தங்கவயலில் அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடியபோது நான் சின்னப் பெண். அதன்பிறகு அப்பா யாரோடும் அதிகம் பேசவில்லை. அம்மாதான் விடியற்காலை ரயிலேறி, பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்வந்தாள். அப்பா குப்பையிலிருந்து குடைக்கம்பி, சைக்கிள் செயின், ஃபேனின் பல்சக்கரம் எல்லாம் பொறுக்கி வந்து, மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைத் தேய்ப்பார். வீடு முழுக்க அந்த வாடை. கடைசியில் அது ஒரு மயிலானது. கைப்பிடியைச் சுற்றினால் தலையை ஆட்டி, கிறீச்சிட்டபடி தோகை விரிக்கும்.

வேலையிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்தாள்.

"நான் காலு வீங்கி வர்றேன். நீ பொம்மை செஞ்சிட்டு உக்காந்திருக்கியா?"

மறுநாள் அப்பா மயிலைச் சாக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மா வாசலில் மறித்தாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"எடைக்குப் போட்டுடறேன். உனக்குத்தான் புடிக்கலையே."

அம்மா சாக்கை வாங்கி, மயிலை எடுத்துத் தரையில் வைத்தாள். "எனக்கு எங்க சுத்திக் காட்டின நீ? சுத்து, பாக்கலாம்."

அப்பா சுற்றினார். தோகை பாதியில் சிக்கியது. அம்மா குனிந்து கம்பியை விரலால் விடுவித்ததும் முழுசாக விரிந்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பாவின் கை தயங்கியது.

"நிறுத்தாதய்யா" என்றாள் அம்மா.

"என்னக்கா வேணும்?" என்று குஜிரிக் கடைக்காரர் கேட்டார். நான் குனிந்து அந்தக் குவியலிலிருந்து ஒரு குடைக்கம்பியை எடுத்தேன்.