நான்கு ஜன்னலுக்கு நான்கு தட்டி

வெட்டிவேர்த் தட்டி கட்டுவது என் தொழில். ஓர் அறை குளிர எத்தனை தட்டி வேண்டும் என்று கணக்குச் சொல்வதும் நான்தான். மேற்கே எத்தனை ஜன்னல், கூரை ஓடா, மச்சுத் தளமா, உள்ளே எத்தனை பேர் என்று பார்ப்பேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும் என்றிருந்தேன்.

ஒரு வைகாசியில் பாளையங்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். பெண்கள் படுத்திருக்கும் அறை. உள்ளே போகக் கூச்சம். வெளியே நின்றே ஜன்னல்களை முழம் போட்டேன். ஓட்டுக் கூரை, ஆறு கட்டில் என்றார்கள். நான்கு மேற்கு ஜன்னலுக்கும் நான்கு தட்டி கட்டினேன்.

மதியம் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தது. தண்ணீர் தெளித்த அரைமணியில் அறை மார்கழியாகிவிட்டது. நான் வெளியே நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பெரிய நர்சம்மா கதவைத் திறந்தார்.

"என்ன வே தட்டிக்காரரே, உள்ள வாரும்!"

"பொம்பளைய இருக்க எடம்மா..."

"உம்ம கூச்சத்த வாசல்ல கழத்திப் போட்டுட்டு வாரும். பச்சப்பிள்ளைக்கு ஒடம்பு சில்லுன்னு ஆயிட்டு."

மூன்றாம் ஜன்னலை ஒட்டி ஒரு தொட்டில். சீவலப்பேரிப் பெண்ணுக்கு எட்டாம் மாதமே பிறந்த குழந்தை. உதடு நீலம், அழவில்லை. நர்சம்மா அதைத் தாயின் மார்போடு சேர்த்துப் பஞ்சால் மூடி, இருபுறமும் வெந்நீர்ப் புட்டிகளை வைத்தார். நான் அந்த ஜன்னல் தட்டியை அவிழ்த்தேன். அனல்காற்று உள்ளே வந்தது. வெகுநேரம் கழித்து ஒரு சிணுங்கல் கேட்டது.

"அண்ணாச்சி, எம்பிள்ளைய மோர்ப்பானைன்னு நெனச்சீரோ?" என்றாள் தாய், கண்ணைத் துடைத்தபடி.

நர்சம்மா என்னைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போனார். "இவளுக்குக் காய்ச்சல், குளுமை வேணும். பிள்ளைக்குச் சூடு வேணும். அங்கன தட்டியே ஆகாது."

அந்த நான்கு ஜன்னலில் வடகோடி இரண்டுக்கு மட்டும் தட்டி வைத்தேன். நடுவே திரை கட்டினோம். தட்டி இல்லாத தெற்குச் சுவரோரம் தொட்டிலை நகர்த்தினோம். குழந்தை பிழைத்தது; ஒன்றரை மாதத்தில் ஊருக்குப் போனது.

டாக்டரம்மா விசாரித்தபோது, "தொட்டில் இருக்குன்னு நாங்கதான் இவர்ட்ட சொல்லல" என்று நர்சம்மா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். என் பிழைப்புத் தப்பியது அந்த ஒரு வார்த்தையால்.

இன்று எந்த வீட்டுக்குப் போனாலும் முழம் போடுமுன், இங்கே படுப்பது யார், தலைமாடு எது, என்ன நோவு என்று கேட்கிறேன். ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.