அண்டா விளிம்பு சுட்ட புண்

பெரியக்காவை யார் பார்த்தாலும் அந்த நாட்களில் ஒரே பல்லவிதான். "ஆளே மாறிட்டீங்களே! பத்து வயசு கொறைஞ்ச மாதிரி இருக்கீங்க!" அவளும் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். கர்மம், கால் மணி நேரம் முன்னால் அவள் எங்கே இருந்தாள் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? கான்டீனுக்குப் பின்னால் உள்ள கழிவறையில், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் நூலாகத் தொங்கும் கோழையைத் துப்பிக்கொண்டிருந்தாள். காலையில் விழுங்கிய ஒரு விள்ளல் ரொட்டி, மென்றது மென்றபடியே, அந்தக் கோழையில் மிதந்து வந்து விழும். அதைத் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டு, முகத்தைக் கழுவி, பொட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தால்தான் இந்தப் பாராட்டு.

பெரியக்கா ஒரு தொழிற்சாலை கான்டீனின் தலைமைச் சமையல்காரி. 'பெரியக்கா' என்ற பட்டம் உடம்பைப் பார்த்து வந்ததா, அதிகாரத்தைப் பார்த்து வந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் கரண்டி பறந்து வரும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால், தலைமைச் சமையல்காரி மேனேஜர் எதிரே நின்று ஒரு முழுத் தட்டு சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அவள் சாப்பிட்டு நன்றாக இருந்தால்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். வருடக்கணக்கில் அப்படித் தின்ற தட்டுகளும், பசிக்காகத் தின்றவையும் சேர்ந்து அவள் உடம்பை ஒரு வழி பண்ணிவிட்டன. மூட்டு வலி, மூச்சிரைப்பு, சர்க்கரை என்று எல்லாம் வந்த பிறகுதான் எடை குறைக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனாள்.

அங்கே இரைப்பையின் மேல்பக்கத்தைச் சுற்றி ஒரு சிலிக்கான் பட்டையை மாட்டினார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, தொப்புளுக்கு மேலே தோலுக்கடியில் ஒரு பொத்தானில் முடியும். ஊசியால் பொத்தானில் உப்புத் தண்ணீர் ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். "ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சிடும்மா," என்றார் நர்ஸ். நிறையத்தான் செய்தது. எடை சரசரவென்று இறங்கியது. முழங்கால் வலி போயிற்று. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நாக்கு ருசி விட்டாலும் பாராட்டு ருசி விடுமா? ஒவ்வொரு முறை போகும்போதும், "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க டாக்டர், பசிக்குது," என்று அவளே கேட்டாள். அவரும் இறுக்கினார்.

அதிலிருந்து ஆரம்பித்தது அந்த நாற்றம் பிடித்த வாழ்க்கை. இறைச்சியோ ரொட்டியோ தொண்டைக்குக் கீழே போய் அப்படியே நின்றுகொள்ளும். நெஞ்சுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலிருக்கும். பாத்திரம் அடிப்பிடித்தால் வெந்நீர் ஊற்றி இளக்கிப் பழகிய கையில்லையா, இதற்கும் அவள் ஒருநாள் ஒரு லோட்டா வெந்நீரைக் குடித்தாள். உள்ளே சிக்கியிருந்த ரொட்டி ஊறி உப்பிப் பெருத்ததுதான் மிச்சம். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து, கடைவாயில் எச்சில் ஒழுக, நாய் மாதிரி மூச்சு வாங்கினாள்.

முதல் தட்டை மட்டும் விட முடியாதே! மேனேஜர் எதிரே ஒவ்வொரு வாயாகப் போட்டு, மென்று, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தலையாட்டுவாள். அவர் முகம் திருப்பும்போதெல்லாம் கைத்துணியில் துப்பி, ஏப்ரன் பைக்குள் திணிப்பாள். சாயங்காலம் அந்தத் துணியை உதறும்போது அவளுக்கே குமட்டும். துப்புவதற்கென்றா சமைக்கக் கற்றுக்கொண்டோம், சீ என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஆனாலும் கிளினிக்கில் கேட்டால், "சூப்பரா இருக்கேன்!" என்பாள். வாந்தி என்று சொன்னால் ஊசி குத்தித் தளர்த்திவிடுவார்கள், மறுபடி ஊதிவிடுவோம் என்று பயம்.

வீட்டில் மகளுக்குக்கூடத் தெரியாது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் வாந்தி எடுப்பாள், சத்தம் கேட்காமலிருக்க. மகளும் அம்மா மாதிரியே பருமன். செருப்புக் கடையில் வேலை. கீழே உட்கார்ந்து ஒருவர் காலுக்குச் செருப்பு மாட்டிவிட்டு அவள் எழுந்திருப்பதற்குள், வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மா இளைத்ததைப் பார்த்த அவள், தானும் அதே கிளினிக்குக்குப் போய்ப் பட்டை போட்டுக்கொள்ள நாள் வாங்கிவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் பெரியக்காவின் வயிற்றில், பொத்தான் இருந்த இடம் சிவந்தது. அவள் அதைச் சட்டை செய்யவே இல்லை. பெரிய அண்டாவில் குழம்பு கிளறும்போது வயிற்றை விளிம்பில் சாய்த்துத்தான் கிளற வேண்டும். அடுப்படிக்காரிக்கு வயிற்றில் சூடு பட்ட தழும்பு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். "அண்டா சுட்டிருக்கு," என்று தீப்புண் களிம்பைத் தடவி, மேலே ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மகள் கேட்டதற்கும் அதையே சொன்னாள். சிவப்பு பழுத்தது. பழுத்தது உடைந்தது. அவள் இன்னும் கொஞ்சம் களிம்பை அப்பினாள்.

பிறகு கான்டீனில் ஒரு நாற்றம் கிளம்பியது. லேசாக இனிப்பும் அழுகலும் கலந்த நாற்றம். பெரியக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். "எவ இங்க எலிய சாகடிச்சுப் போட்டது?" சாக்கடையைத் தோண்டிக் கழுவ வைத்தாள். அலமாரிகளை நகர்த்தச் சொன்னாள். அன்று காலை வந்த நல்ல இறைச்சியை, கெட்டுப்போனது என்று குப்பையில் கொட்டினாள். நாற்றம் போகவில்லை. அவள் போன இடமெல்லாம் கூடவே வந்தது. அவள் மட்டும் அதைக் கவனிக்கவில்லை.

கடைசியில் பாத்திரம் கழுவும் அம்மாதான் அவளைத் தனியே கூப்பிட்டாள். "கோவிச்சுக்காதீங்க பெரியக்கா. அது சாக்கடை இல்ல."

"பின்ன?"

"உங்ககிட்டேருந்துதான் வருது."

பெரியக்காவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு ஏப்ரனை அவிழ்த்தாள். உள்சட்டை மஞ்சளும் பச்சையுமாக வயிற்றோடு ஒட்டியிருந்தது. அதைப் பிரித்ததும் அடித்த வாடையில் அவளே பின்வாங்கினாள். ஊரையெல்லாம் கழுவச் சொன்ன அழுகல் தன் வயிற்றில் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது செத்துவிடலாம் போலிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்த பெண் டாக்டர் நேராகவே சொன்னார். "இது தீக்காயம் இல்லம்மா. பட்டை இரைப்பையோட சுவரை அரிச்சு உள்ள போயிடுச்சு. அங்கேருந்து கிருமி குழாய் வழியா பொத்தானுக்கு வந்திருக்கு. உடனே எடுக்கணும். எவ்வளவு நாளா வாந்தி?"

"ரொம்ப நாளா... பட்டை நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார்.

பட்டையை எடுத்தார்கள். மூக்கில் ஒரு குழாய், விலாவில் ஒரு குழாய், அதில் தொங்கிய பையில் சேற்றுத் தண்ணீர் மாதிரி எதுவோ. ஒரு வாரம் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது பொத்தான் இருந்த இடத்தைத் தைக்காமல் குழியாகவே விட்டார்கள். உள்ளிருந்து சதை வளர்ந்து மூட வேண்டுமாம். தினமும் ஒரு நர்ஸம்மா வந்து, குழியிலிருந்து சீழ்த்துணியை உருவி எடுத்து, புதுத் துணியைத் திணித்துவிட்டுப் போவார். அப்போதெல்லாம் பெரியக்கா அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள்.

பார்க்க வந்தாள் நாத்தனார். கட்டிலில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "ஐயோ அண்ணி, பட்டைய எடுத்துட்டாங்களாமே! இனிமே பழையபடி ஆயிடுவீங்களே!" என்று உச்சுக்கொட்டினாள்.

"எடுக்கலேன்னா செத்திருப்பேன்."

"அதுக்கில்ல அண்ணி. எவ்வளவு கஷ்டப்பட்டு எளைச்சீங்க!"

பெரியக்காவுக்கு அவள் மூஞ்சியில் காறித் துப்பலாம் போலிருந்தது. உள்ளே அழுகிக்கொண்டிருந்தபோது அழகு என்றார்கள். பிழைத்து வந்தால் பரிதாபமாம். இந்தப் பேச்சுக்காகவா குடலைக் கொடுத்தோம்!

ஆனால் அதைவிடப் பெரிய கவலை மகள். அவளுடைய நாள் நெருங்கிவிட்டது. "வேணாம்டி," என்று எத்தனை விதமாகச் சொல்லியும் அவள் கேட்கவில்லை.

"உனக்கு அண்டா சுட்டுச்சு. நீ பாக்காம விட்டே, சீழ் பிடிச்சிருச்சு. எனக்கு ஏம்மா ஆகப்போகுது?"

"அது அண்டா இல்லடி."

"நீதானே சொன்னே? நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு ஒரு வருஷமா சொன்னே. நீ மட்டும் எளைச்சு பேர் வாங்கிட்டே. என் முறை வந்ததும் வேணாமா?"

சொன்ன பொய்யெல்லாம் இப்போது மகள் வாயில் நியாயமாக வந்து நிற்கிறது. இனிச் சொல்லிப் பயனில்லை என்று புரிந்தது. மகள் கிளினிக்குக்குப் போவதற்கு முதல் நாள், நர்ஸம்மாவுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வா. இன்னிக்கு நீதான் கட்டு மாத்தணும்."

"எனக்குத் தெரியாதும்மா."

"நான் சொல்றேன். வா."

மகள் கட்டைப் பிரித்தாள். துணியின் நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க, அது வந்துகொண்டே இருந்தது. நனைந்து, பழுப்பேறி, சீழும் ரத்தமும் பூசிய நாடா. வாடை குப்பென்று எழுந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் வரை ஓடி ஓங்கரித்துவிட்டுத் திரும்பி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இன்னும் இருக்கு. இழு," என்றாள் பெரியக்கா. அவள் இழுக்க, இவள் சொல்லிக்கொண்டே போனாள். குழாயைத் திறந்துவிட்டு எடுத்த வாந்தி, கன்னத்தில் ஒதுக்கித் துப்பிய முதல் தட்டு, வெந்நீர், குப்பையில் கொட்டிய இறைச்சி. ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"அழகாயிட்டேன்னு சொன்னாங்கடி. அந்தப் பேச்சு வேண்டியிருந்துச்சு."

மகள் குழியைத் துடைத்து, புதுத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திணித்தாள். முகத்தை நிமிர்த்தாமலே கேட்டாள். "நான் இப்படியே குண்டா இருந்தா உனக்கு அருவருப்பா இருக்காதாம்மா?"

பெரியக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓங்கரிச்சுட்டு ஓடிப் போகாம திரும்பி வந்து தொடச்ச கைடி இது. இதப் பாத்து அருவருப்புன்னு சொல்ற வாய் அழுகிப் போகட்டும். அது என் வாயா இருந்தாலும்."

மகள் மூக்கை உறிஞ்சினாள். கட்டை ஒட்டி முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து கிளினிக்குக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வரலைங்க. இல்ல, அப்புறமும் வரமாட்டேன்."

மறுமுனையில் ஒரு பெண் இனிக்க இனிக்க ஏதோ பேசினாள். காரணம் என்ன என்று கேட்டாள். மகள் தட்டில் சுருண்டு கிடந்த சீழ்த்துணியைப் பார்த்தாள். "நாத்தம்னு போட்டுக்கோங்க," என்றாள்.

பெரியக்கா குபீரென்று சிரித்துவிட்டாள். வயிறு பிடுங்கியது. இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. புதுக் கட்டின் மேல் ஈரம் மெல்லப் படர்ந்தது.

"சிரிக்காதம்மா, கசியுது!" என்று அதட்டிக்கொண்டே மகள் இன்னொரு துணியைப் பிரித்தாள்.