தில்லைநாதனின் எர்த் கம்பி

அக்கராயனில் வயல் செய்த தில்லைநாதன், தன் கையாலேயே ரேடியோப் பெட்டி பூட்டியவர். தன் பிழையை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவர். பின்னேரங்களில் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினைப் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்க உட்காருவார். ரேடியோவில் பாட்டோடு படபடவென்று இரைச்சலும் வரும்.

"எர்த் கம்பிக்கு ஈரம் காணாது" என்று, ரேடியோவிலிருந்து இழுத்து முற்றத்து மண்ணில் அந்தக் கம்பியைப் புதைத்த இடத்துக்கு வாய்க்காலைத் திருப்பினார். இரைச்சல் போகவில்லை. மிசினை இன்னும் கூடுதலாக ஓடவிட்டார்.

மூன்றாம் நாள் முற்றத்தில் கணுக்கால் அளவு வெள்ளம். தோட்டத்தில் மிளகாய் வாடிக் கிடந்தது. மனைவி விமலேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு போய் மிசினை நிற்பாட்டினாள். அந்த நொடியே பாட்டு கணீரென்று கேட்டது.

"பாத்தியளே, எல்லாம் இந்த மிசின்ர வேலை!"

"விசர்க்கதை கதையாதை. எர்த் இப்பத்தான் வடிவா ஊறியிருக்கு. அது காயிறதுக்கு முந்தி மிசினைப் போடு!"