தூரம் தெரியவில்லை என்று எழுதிய ரெஜினா மேடம்

கண் பரிசோதகர் ரெஜினா மேடம் இறந்த செய்தி, புதுவாயலில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வந்தது. "மாரடைப்பாம்பா. சாயங்காலம் அடக்கமாம்" என்றார் டிரைவர். பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனோம். இன்று அவர் படத்தின் முன் கூடியிருக்கும் நம்மில், அவரிடம் கண்ணைக் காட்டாதவர் யாருமில்லை. அடக்கத்துக்குப் போனவரும் யாருமில்லை.

அவர் எங்கள் ஆலைக்குக் கண் சோதிக்க வந்துகொண்டிருந்த காலத்தில் நான் உருக்காலையில் கிரேன் ஓட்டினேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கஞ்சா இழுத்தால்தான் உடம்பு தாங்கும் என்று நம்பியிருந்தேன். வருடாந்தரச் சோதனையில் எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்துவிட்டேன். பிறகு மேடம் ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே இரண்டு குச்சிகள். கயிற்றை இழுத்து இரண்டையும் ஒரே தூரத்தில் நிறுத்த வேண்டும். சரியாக நிறுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு குச்சி ஒரு சாண் முன்னால் நின்றது.

"கஞ்சா அடிக்கிறியா, ஏழுமலை?"

"இன்னா மேடம் நீங்க! அதெல்லாம் கெடையாது."

"எழுத்தெல்லாம் தெரியும்பா. ரெண்டு கண்ணும் சேந்து தூரத்த அளக்குது பாரு, அத்தத்தான் அது கெடுத்துடும். உனக்கு நல்லா தெரியறாப்பலயே இருக்கும். அதான் பேஜாரு."

சீட்டில் கஞ்சா என்று அவர் எழுதவில்லை. எழுதினால் என் வேலை போயிருக்கும். 'தூரம் கணிப்பதில் குறை. மறுசோதனைவரை கிரேனில் ஏற்றக் கூடாது' என்று மட்டும் எழுதினார். நிர்வாகம் மாற்றித் தரச் சொன்னது. மறுத்தார். அடுத்த வாரம் வேறொருவர் வந்தார்; எழுத்துப் பலகையை மட்டும் மாட்டி, எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டார். மேடத்தை அதன்பின் ஆலை கேட்டுக்குள் விடவில்லை.

மறுபடி கிரேனில் ஏறிய பத்தாம் நாள், நான் இறக்கிய இரும்புத் தகடு கீழே வேலை செய்த பாபுவின் வலது கையைத் தூணோடு நசுக்கியது. அவன் எட்ட நிற்பதாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. நிற்கக் கூடாத இடத்தில் பாபு நின்றான் என்று விசாரணையில் எழுதினார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

போன வருடம் சோழவரத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண்ணாடி வாங்கத்தான், மன்னிப்புக் கேட்க அல்ல.

"பாபு எப்படிக்கீறான்?" என்றார் முதலில்.

"கீறான் மேடம்."

லென்ஸைத் துடைத்தபடியே சொன்னார்: "அன்னிக்கு கஞ்சான்னு எழுதியிருந்தா உன் வேல போயிருக்கும். அவன் கை இருந்திருக்கும். உன்ன காப்பாத்தறேன்னு அவன் கைய உட்டுட்டனோன்னு தோணிக்கினே இருக்குது."

பொய் சொன்னவன் நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

என் பழியைத் தன் பழியாக நினைத்து அவர் பேசிய அந்தப் பேச்சுதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது. பாபு, நீயும் இங்கே வந்திருக்கிறாய். நீ சரியான இடத்தில்தான் நின்றாய். அன்று காலை நான் கஞ்சா இழுத்துவிட்டுத்தான் கிரேனில் ஏறினேன்.