பதியாத நகம்

சீகக்காய் மூட்டையைப் பிரித்தால் முதலில் வருவது தும்மல். அப்புறம்தான் வாசனை…

மந்தாரக்குப்பத்தில் இப்போது இருக்கும் கடை அப்போது இல்லை. ஒரு பழைய மொபெட், பின்னால் சீகக்காயும் துடைப்பமும். பக்கத்து நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் போய் குவார்ட்டர்ஸ் வாசலில் விற்பேன். சரக்கு எடுக்கச் சத்தியமங்கலம் மலைக்கு நானே போய்விடுவேன். நடுவில் ஆள் வைத்தால் எனக்கு என்ன மிஞ்சும்?

விற்கப் போன இடத்தில் ஒன்று கண்ணை உறுத்தியது. ஆபீசர் வீட்டுக் குழந்தை கழுத்தில், தங்கம் கட்டிய புலிநகம்.

என் மகனுக்கு அப்போது ஒரு வயசு. தூக்கத்தில் வீறிட்டு அழுவான். புலிநகம் போட்டால் பயம் தெளியும் என்றார்கள். அது பாதிக் காரணம். அவர்கள் பிள்ளைக்கு இருப்பது என் பிள்ளைக்கும் இருக்கணும் என்பது மீதி. மறைக்க என்ன இருக்கிறது.

மலையிலிருந்து என் சரக்கை ஏற்றி வரும் லாரி டிரைவர் சேகரிடம் சொல்லிவைத்தேன். மலையில் தனக்கு ஒரு ஆள் தெரியும், அடுத்த லோடுக்குள் ஏற்பாடு பண்ணிவிடலாம் என்றான். நகம் எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. காட்டில் உதிர்ந்து கிடக்கும், பொறுக்கி வருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த லோடுக்குப் போனோம். மலையூரில் காய் தரம் பிரிப்பவள் மாதி. என் வயசுதான், வாய் மட்டும் என்னைவிடப் பெரிசு. எதிர்ச்சரிவிலிருந்து காயே வருவதில்லையே என்று அவளிடம் குறைப்பட்டேன்.

அங்கே புலி நடமாட்டம் நின்று பல வருஷம் ஆச்சு என்றாள். புலி பயம் இருந்தால் மான் ஒரே இடத்தில் நின்று மேயாதாம். பயம் போனால் குடும்பத்தோடு உட்கார்ந்து கொழுந்தெல்லாம் தின்று தீர்த்துவிடுமாம். அப்புறம் கொடி எங்கே ஏறும், காய் எங்கே பிடிக்கும்? செடி போனால் மண் போகும், மண் போனால் ஓடை வற்றும்…

என் சரக்குக்குச் சம்பளம் இல்லாத வாட்ச்மேன் ஒருத்தன் காட்டில் இருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த நேரம் பார்த்து, முதலாளி மகனுக்கு நகம் வருகிறது என்று சேகர் உளறினான். மாதி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காய் பிரிக்கத் திரும்பினாள்.

மறுநாள் விடிந்ததும் லோடோடு கிளம்பினோம். சந்தைக்குப் போக மாதியும் கேபினில் ஏறிக்கொண்டாள். மூன்றாவது வளைவு தாண்டியதும் சேகர் வண்டியை நிறுத்தினான்.

ரோட்டோரக் குட்டையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது… புலி.

தலையைத் தூக்கி எங்களை ஒரு தடவை பார்த்தது. விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவனை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை. மறுபடி குனிந்து குடித்தது.

மாதி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, உங்க பையனுக்கு இதுல எந்தக் கால் நகம் வேணும்?"

புலி எழுந்து ஓடைப் பக்கமாக இறங்கிப் போனது.

"சேகரு, உன் ஆளு எங்கடா?"

"குடிசையிலதாண்ணே. ராத்திரியே ஓடையில கம்பி கட்டிட்டான்."

கம்பி என்றால் சுருக்கு. கால் வைத்தால் இறுகும். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

அந்த ஆளை அவன் குடிசையிலிருந்து இழுத்து வந்தோம். அவனும் மாதியும் புலியை விரட்டத் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே ஓடைக்கு இறங்கினார்கள். நான் லாரியில் உட்கார்ந்து டப்பா சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அது நின்றது… எனக்கு மூச்சும் நின்றது.

மேலே வந்த மாதியின் கையில் கம்பி மட்டும் இருந்தது. சுத்தமான கம்பி. எதுவும் மாட்டவில்லை.

லாரியிலிருந்து இறங்கி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அந்தக் கம்பியை முறுக்கி என் மூட்டை வாயைக் கட்டினாள். இன்றைக்கும் என் கடையில் துடைப்பம் தொங்குவது அதில்தான்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி செல்வி சொன்னாள்: "புள்ள அழுதா நான் ஏந்து ஏந்து பாத்துகினுதான இருக்கேன். நீங்கதான் கொறட்ட வுட்டுகினு தூங்குறீங்க. உங்களுக்கு எதுக்கு நகம்?"

அப்போதெல்லாம் சோப்பு கேட்பது போல நகம் கேட்டோம். அன்றைக்கும் அது குற்றம்தான், யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது கேட்கவே பயப்படுகிறார்கள். நல்லது.

போன மாசம் மாதி போன் பண்ணினாள். எதிர்ச்சரிவில் இந்த வருஷம் காய் பிடித்திருக்கிறது என்றாள். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அவனுக்கு மைன்ஸில் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்தால் மேளம் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

புலியைப் பார்க்கவில்லை. பாதையோர ஈரமண்ணில் தடம் மட்டும் பார்த்தோம். என் உள்ளங்கையைவிட அகலம். மகன் குனிந்து பார்த்துவிட்டு, நகம் பதியவே இல்லையேப்பா என்றான்.

"நடக்கும்போது உள்ள இழுத்துக்கும் தம்பி" என்றாள் மாதி. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாலு விரல், ஒரு பாதம். நகம் உள்ளே பத்திரமாக இருக்கிறது.